முதலில் பிரேக், கடைசியில் கியர்

கணினியிலோ பிளேஸ்டேஷனிலோ கார்ப் பந்தயம் விளையாடும் மாணவர்களுக்கு ஒரு நாள் அந்த ஆசை வந்தே தீரும். கட்டை விரலால் காரை வளைத்தது போதும். கையில் ஒரு ஸ்டீயரிங் வேண்டும், காலுக்குக் கீழே பெடல்கள் வேண்டும், பக்கத்தில் ஒரு கியர் குச்சியும் இருந்தால் நன்றாக இருக்கும். எஸ்பிஎம் முடிந்த விடுமுறையில், பகுதி நேர வேலையின் முதல் சம்பளம் கைக்கு வந்ததும், இந்த ஆசை உச்சத்துக்குப் போய்விடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் இந்தப் பணத்தைத் தலைகீழாகச் செலவழிக்கிறார்கள். ஸ்டீயரிங் மோட்டாருக்கு எவ்வளவு பலம் என்று விசாரிக்கிறார்கள். அடுத்து, பார்க்க அழகான கியர் குச்சியைத் தேடுகிறார்கள். பிரேக் பெடலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது பெட்டிக்குள் கூடவே வரும் சாமான் என்று விட்டுவிடுகிறார்கள். கையில் இருப்பது குறைந்த பணமாக இருந்தால், முதலில் யோசிக்க வேண்டியது பிரேக்கைப் பற்றி. அடுத்து, இதையெல்லாம் எதன்மேல் பொருத்தப் போகிறீர்கள் என்பது. ஸ்டீயரிங் அதற்குப் பிறகு. கியர் குச்சி எல்லாவற்றுக்கும் கடைசி.

பணத்தைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். லோஜிடெக் ஜி29 போன்ற, நடுத்தரம் என்று சொல்லப்படும் ஸ்டீயரிங்கைப் புதிதாக வாங்கினால் ஆயிரம் ரிங்கிட் அளவில் வந்து நிற்கும். தோட்டத்தை விட்டு வெளியேறி, சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ மலிவு விலை வீட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது விளையாட்டுச் சாமான் விலை அல்ல; மாதத்தில் பாதிக்கு மேல் உழைத்த கூலி. அந்தக் கூலி எங்கே போகிறது என்று இயற்பியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பதில் தவறில்லை.

உண்மையான காரில் பிரேக் எப்படி வேலை செய்கிறது? பெடலை அழுத்தினால் பிரேக் எண்ணெயில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. இது பாஸ்கல் தத்துவம். ஐந்தாம் படிவத்தில் படிப்பதுதான். எண்ணெய் எளிதில் சுருங்காது. ஆகவே பெடல் கொஞ்ச தூரம் இறங்கியதும் கெட்டியாகிவிடும். அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் பெடல் அதிகம் நகராது. ஆனால் கார் மேலும் மேலும் பலமாக நிற்கும். அதாவது, காலின் தூரத்தைவிடக் காலின் விசைதான் பிரேக்கைத் தீர்மானிக்கிறது.

மலிவான விளையாட்டுப் பெடலில் இது தலைகீழ். உள்ளே ஒரு சுருள்வில், அதன் அச்சில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். பழைய வானொலிப் பெட்டியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுவோமே, அதே உறுப்பு. பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை மட்டும் அது அளக்கும். பெடலின் மொத்தப் பயணம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 விழுக்காடு பிரேக்குக்கும் 90 விழுக்காடு பிரேக்குக்கும் வித்தியாசம் வெறும் 5 மில்லிமீட்டர். பாதத்தைக் காற்றில் 5 மில்லிமீட்டர் துல்லியத்தில் நிறுத்திப் பாருங்கள், முடிகிறதா? ஆனால் இரண்டு கைகளில் இரண்டு காய்கறிப் பைகளைத் தூக்கினால் எது கனம் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். விசையின் அளவை நம் தசை நன்றாக நினைவில் வைத்திருக்கும். தூரத்தை அவ்வளவு நன்றாக வைத்திருப்பதில்லை.

இதற்காகத்தான் லோட் செல் என்ற உறுப்பு வைத்த பெடல்கள் வந்தன. ஒரு உலோகத் துண்டு, அதன்மேல் ஒட்டிய மெல்லிய மின்தடைப் பட்டை. உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும்போது பட்டை நீள்கிறது. நீண்டால் அதன் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்தால் எவ்வளவு விசை விழுந்தது என்று தெரிந்துவிடும். இது ஒன்றும் விண்வெளித் தொழில்நுட்பம் அல்ல. ஈப்போ சந்தையில் கத்திரிக்காயை வைத்ததும் எடையும் விலையும் காட்டுகிற மின்னணுத் தராசுக்குள் இருப்பதும் இதேதான். உங்கள் காலுக்கு ஒரு தராசு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, லோட் செல் பெடலுக்குப் பணம் இல்லை. அப்போது? இங்கேதான் நம் பேராக்கின் பழைய சொத்து உதவிக்கு வருகிறது: ரப்பர்.

1877ஆம் ஆண்டு பிரிட்டனின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சிலவற்றைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் கோலகங்சாரில் நிற்கிறது. பார்க்காதவர்கள் ஒரு முறை போய்ப் பாருங்கள். அதன் பின்னால் வந்த தோட்டங்களில்தான் நம் பாட்டன்களும் பாட்டிகளும் விடியுமுன் விளக்கோடு போய்ப் பால் வெட்டினார்கள். இன்று அந்த நிலங்களில் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தைக் காணோம். ஆனால் அந்த மரம் தந்த பொருளின் குணம் உங்கள் பிரேக்குக்குத் தேவைப்படுகிறது.

சுருள்வில் ஹூக் விதிப்படி நடக்கும்: இரண்டு மடங்கு விசைக்கு இரண்டு மடங்கு அமுக்கம். ரப்பர்த் துண்டு அப்படி அல்ல. முதலில் இளகிக்கொடுக்கும், அமுக்க அமுக்க இறுகிக்கொண்டே போகும். கடைசியில் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தவே பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். பிரேக் எண்ணெயின் குணமும் ஏறக்குறைய இதுதானே! ஜி29 பெடலின் பிரேக்குக்குள் ஒரு ரப்பர்த் துண்டு வைத்திருப்பது இதற்காகத்தான். வாங்கியவர்கள் பலர் ‘பிரேக் ரொம்பக் கெட்டி’ என்று சலித்துக்கொண்டு அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரப்பர் கெட்டியாகத் தோன்றுவதற்கு முக்கால்வாசிக் காரணம், பெடல் சரியாக நிலைக்காமல் நழுவுவது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சாதாரணச் சுருள்வில் மட்டும் உள்ள பெடல் வைத்திருப்பவர்கள், வில்லுக்குள் பொருந்தும் ஒரு ரப்பர்த் துண்டை வைத்துப் பார்க்கலாம். செலவு சில ரிங்கிட். உள்ளே இருக்கும் உறுப்பு தூரத்தை அளப்பதுதான். ஆனால் கால் இப்போது விசையை உணர்கிறது. அரைவாசி லோட் செல் கிடைத்த மாதிரி.

ரப்பருக்கு இன்னொரு குணமும் உண்டு. அமுக்கும்போது நாம் கொடுத்த ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிவிடும். அதனால் வில்லைப் போல் துள்ளாமல் அமைதியாகத் திரும்பும். வெப்பம் என்றதும் ஒரு சின்னச் சோதனை: ஒரு ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து உடனே உதட்டில் வையுங்கள். இளஞ்சூடு தெரியும். சற்று நேரம் இழுத்தபடியே வைத்திருந்து, பிறகு தளர்த்தி உதட்டில் வையுங்கள். குளிரும். இதை ஜான் கோஃப் என்பவர் 1805ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். கோலகங்சாரில் கன்று நடப்படுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பு!

இனி, எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி: மோட்டாரின் பலம்.

கடைக்காரர் ‘தம்பி, இது 2 நியூட்டன் மீட்டர், அது 5.5; இதோ இது 11’ என்று அடுக்குவார். ஜி29 சுமார் 2, மோசா ஆர்5 5.5, லோஜிடெக்கின் புரோ ஸ்டீயரிங் 11. இந்த எண்களுக்கு என்ன பொருள்? நியூட்டன் மீட்டர் என்பது முறுக்கு விசையின் அலகு. ஸ்டீயரிங்கின் விட்டம் 28 சென்டிமீட்டர் என்றால் ஆரம் 0.14 மீட்டர். 2-ஐ 0.14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 நியூட்டன். அதாவது ஸ்டீயரிங் விளிம்பில் ஒன்றரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலம் தொங்குகிற அளவு இழுப்பு. 5.5 என்றால் 4 கிலோ. 11 என்றால் 8 கிலோ அரிசிப் பை. அந்தப் பையை உங்கள் படிப்பு மேசையின் ஓரத்தில் மாட்டி இப்படியும் அப்படியும் ஆட்டினால் மேசை என்ன ஆகும் என்று யோசியுங்கள். பலமான மோட்டாருக்குப் பலமான இரும்புச் சட்டம் வேண்டும். அதன் விலையைக் கடைக்காரர் சொன்ன கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்.

பவர் ஸ்டீயரிங் உள்ள சாதாரணக் காரை ஓட்ட சில நியூட்டன் மீட்டர் போதும். ஆக, பலம் என்பது வெறும் பெருமை. மோட்டார் தர வேண்டியது செய்தி. கார் வளைவில் திரும்பும்போது முன் டயர்கள் தாமாகவே நேராக நிமிரப் பார்க்கும். அந்த இழுப்பு கைக்கு வரும். டயர் பிடிப்பை இழக்கத் தொடங்கினால் அந்த இழுப்பு குறைந்து ஸ்டீயரிங் திடீரென்று இலேசாகிவிடும். ‘முன் பக்கம் வழுக்குகிறது, காலை எடு’ என்று கார் சொல்லும் சொல் அது. இந்த மாற்றம் கையில் தெரிந்தால் 2 நியூட்டன் மீட்டரே நல்ல ஆசிரியர். வெறுமனே அதிர்கிற ஸ்டீயரிங்குகளை வாங்கிவிடாதீர்கள். அதற்குள் இருப்பது கைப்பேசி அதிரும் அதே உத்திதான்: ஒரு பக்கம் கனமான சின்ன மோட்டார். சுவரில் மோதினாலும் அதிரும், புல்லில் ஏறினாலும் அதிரும். டயர் வழுக்குவதைச் சொல்லாது. திரஸ்ட்மாஸ்டர் டி80 போன்ற சிலவற்றில் மோட்டாரே கிடையாது. நீள்கிற கயிறு ஒன்றுதான் ஸ்டீயரிங்கை நடுவுக்கு இழுக்கும். குறைந்த விலைக்கு அது நேர்மையான ஏற்பாடு. அதிர்கிறதைவிட எனக்கு அதுவே மேல்.

மோட்டாரிலிருந்து கைக்கு விசை வரும் வழி மூன்று. ஜி29-இல் பற்சக்கரங்கள்; கையில் இலேசாக நறநறக்கும், ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். திரஸ்ட்மாஸ்டர் டி300-இல் பெல்ட், வழவழப்பாக இருக்கும். மூன்றாவது, மோட்டார் அச்சிலேயே ஸ்டீயரிங்கை நேராகப் பொருத்துவது. இதுதான் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களுக்கு இப்போது தேவையா என்பதில்தான் சந்தேகம்.

இன்னொரு விஷயம், சுற்றுக்கோணம். சாதாரணக் காரின் ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஏறக்குறைய மூன்று சுற்றுச் சுற்றும். ஜி29 இரண்டரைச் சுற்று, அதாவது 900 பாகை. ஆனால் பேரங்காடிகளில் காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள் வேறு. செகாவின் அவுட் ரன் 1986இல் வந்தது. அந்த வகை இயந்திரங்களில் ஸ்டீயரிங் ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றாது, சுமார் 270 பாகைதான். அப்படிப்பட்ட பழைய விளையாட்டை வீட்டில் 900 பாகை ஸ்டீயரிங்கில் ஆடினால், வளைவுக்குள் திருப்பித் திருப்பிக் கை சோர்ந்துவிடும். கார் அதற்குள் புல்லில் நிற்கும். மென்பொருளில் கோணத்தை 270-க்குக் குறைத்துவிட்டால் தீர்ந்தது. இப்படிப்பட்ட விளையாட்டுகள் மட்டுமே உங்களுக்குப் பிடிக்கும் என்றால், நான் மேலே பிரேக்குக்குச் சொன்ன வாதம் உங்களுக்குப் பொருந்தாது. அவுட் ரன்னில் பிரேக் மிதிப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். பழைய மலிவு ஸ்டீயரிங்கே போதும். மீதிப் பணத்தை வீட்டில் கொடுங்கள்.

கியர் குச்சிக்கு வருவோம். அதைக் கடைசியில் வைத்ததற்குச் சிலர் கோபிக்கலாம். கிளச் மிதித்து, ‘எச்’ வடிவத்தில் கியர் மாற்றுவது தனி இன்பம்தான். அடாரி நிறுவனத்தின் ஹார்ட் டிரைவிங் என்ற இயந்திரம் 1989இலேயே கிளச் பெடலும் கியர் குச்சியும் விசை தரும் ஸ்டீயரிங்கும் வைத்திருந்தது. ஆனால் வேடிக்கை பாருங்கள்: அதே 1989இல்தான் ஃபெராரி தன் எஃப்1 காரில் கியர் குச்சியை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கின் பின்னால் இரண்டு துடுப்புகளை வைத்தது. நைஜல் மான்செல் பிரேசிலில் அதை ஓட்டி முதல் பந்தயத்திலேயே வென்றார். இன்றைய பந்தயக் கார்களில் பெரும்பாலானவற்றில் அந்தத் துடுப்புகள்தான். அவை உங்கள் ஸ்டீயரிங்கில் ஏற்கெனவே இருக்கின்றன. இனிஷியல் டி விளையாட்டிலோ குச்சியை முன்னும் பின்னும் தட்டினால் போதும். ஆகவே, நீங்கள் ஆடும் விளையாட்டில் எந்தக் கார், அந்தக் காரில் எந்த கியர் என்று பார்க்காமல் குச்சி வாங்குவது, கார் இல்லாமல் கார் ஷெட் கட்டுவது மாதிரி. ‘டி’ உரிமத்துக்கு கைக் கியர் காரில் பழகத்தான் வாங்குகிறேன் என்பவர்களுக்கு ஒரு சொல்: விளையாட்டுக் கிளச்சில் வெறும் வில்தான் இருக்கிறது. உண்மையான கிளச் பிடிக்கும் இடத்தில் கார் முழுவதும் இலேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பயிற்சிக் காரில்தான் கற்க முடியும்.

உடம்புக்கு வராத செய்திகளும் உண்டு. பிரேக் பிடித்தால் உடம்பு முன்னே சாய்வதும், வளைவில் பக்கவாட்டில் தள்ளப்படுவதும் வீட்டு நாற்காலியில் நடக்காது. ஜொகூர் செம்பனைத் தோட்டங்களின் செம்மண் பாதைகளில் ஆசிய பசிபிக் ரேலி நடந்திருக்கிறது. 2002இல் புரோட்டான் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலிப் பட்டத்தை வென்ற நம் நாட்டுக் கரம்ஜித் சிங், அப்படிப்பட்ட மண்ணில் காரின் நழுவலை முதுகாலும் இடுப்பாலும் உணர்ந்தவர். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிரான் டூரிஸ்மோ விளையாட்டுப் போட்டியில் 2011இல் வென்ற ஜான் மார்டன்பரோ என்ற இளைஞர், உண்மையான பந்தய ஓட்டுநராகி, 2013இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடினார். வீட்டில் பழகியது வீண் போகவில்லை. அதன்மேல் கடுமையான பயிற்சியும் தேவைப்பட்டது. ஆகவே, ‘எனக்கு ஏற்கெனவே ஓட்டத் தெரியும்’ என்று சொல்லி அண்ணனின் காரை எடுக்க இது காரணம் ஆகாது.

எதன்மேல் பொருத்துவது என்ற கேள்வி பாக்கி. பிரேக்கை 20 கிலோ எடைக்குச் சமமாக மிதித்தால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே விசை உங்களைப் பின்னுக்குத் தள்ளும். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். வழுவழுப்பான தரையில் பெடலும் முன்னே ஓடும். பிரேக் கெட்டி என்ற புகாரின் வேர் இங்கேதான் இருக்கிறது. இதற்கு இரும்புச் சட்டம் வாங்க வேண்டாம். பெடலுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மரப்பலகை முட்டுக் கொடுங்கள். சக்கரமில்லாத நாற்காலியின் முன்கால்களையும் பெடலையும் ஒரு நைலான் கயிற்றால் கட்டுங்கள். நீங்கள் தள்ளுகிற விசையும் நாற்காலி பின்வாங்குகிற விசையும் கயிற்றுக்குள்ளேயே சமன்பட்டுவிடும். மொத்தச் செலவு பத்து ரிங்கிட்டைத் தாண்டாது. ஆயிரம் ரிங்கிட் சாமானைவிட இந்தக் கயிறு உங்கள் ஓட்டத்தைச் சீராக்கும்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், பழையதை வாங்கலாம் என்பேன். ஆசைப்பட்டு வாங்கி மூன்று மாதத்தில் கட்டிலுக்கடியில் தள்ளியவர்கள் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் நிறைய இருப்பார்கள். தனியாகப் போகாதீர்கள், அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போங்கள். முதலில், உங்களிடம் இருக்கும் இயந்திரத்துக்கு அது ஒத்துப்போகுமா என்று பாருங்கள். ஜி29 பிளேஸ்டேஷனுக்கு, அதன் இரட்டைப் பிறவி ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கு. இரண்டும் கணினியில் ஓடும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஓடாது. பிறகு, விற்பவர் வீட்டிலேயே விண்டோஸ் மடிக்கணினியில் செருகிப் பாருங்கள். ‘ஜாய் புள்ளி சிபிஎல்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், விளையாட்டுக் கருவிகளின் பட்டியல் திறக்கும். அதில் ஸ்டீயரிங்கைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால், ஒவ்வொரு பெடலுக்கும் ஒரு கோடு தெரியும். பிரேக்கை மிக மெதுவாக, பத்து வரை எண்ணிக்கொண்டே மிதியுங்கள். கோடு சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினால், பொட்டென்ஷியோமீட்டரின் கரிப்பாதையில் தூசு ஏறியிருக்கிறது அல்லது அது தேய்ந்துவிட்டது. தூசென்றால் மின்னணுக் கடையில் கிடைக்கும் சுத்தப்படுத்தும் தெளிப்பான் போதும். தேய்மானம் என்றால் உறுப்பையே மாற்ற வேண்டும். எது என்று அங்கேயே நின்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே தேய்மானம் என்றே கணக்கு வைத்து விலையைக் குறைத்துக் கேளுங்கள். காந்தத்தின் ஹால் விளைவால் அளக்கிற பெடல் என்றால் எதுவும் எதோடும் உரசுவதில்லை. அந்தக் கோடு பல ஆண்டுகள் கழித்தும் சீராகவே ஏறும். கடைசியாக, ஸ்டீயரிங்கை ஒரு கோடிவரை திருப்பி, பிறகு மறு கோடிவரை திருப்புங்கள். பிறகு நடுவில் நிறுத்திக் கையை எடுத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். அங்கேயும் குறி நடுவில் நிற்கிறதா?